உறுமல் நின்றபோது

எண்பதுகளில் பிடோக் வட்டாரத் தேவாலய இசைக்குழுவில் நான் கிட்டார் வாசித்தேன். கிட்டார் ஓசையைக் கரகரக்கவைக்கும் என் பழைய பெடல், பாதிப் பாட்டில் பேட்டரி தீர்ந்து அடங்கிவிடும். அடாப்டரில் மின்சாரம் கொடுத்தாலோ ஸ்பீக்கர் உறுமும். ஒருமுறை, மறுநாளே ஒரு கல்யாணத்தில் வாசிக்க வேண்டியிருந்தது. எங்கள் பாடகி, பூன் லே வட்டாரத்து ரேடியோ தொழிற்சாலையில் வேலைபார்க்கும் தன் அக்காவை அழைத்துவந்தாள். நீலச் சீருடை, குட்டை முடி. கழற்றிய திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொண்டே அடாப்டருக்குள், உறுமலை வடிகட்டும் ஒரு கெப்பாசிட்டரைப் பற்றவைத்தார். உறுமல் நின்றுவிட்டது.

"என்ன பாட்டு வாசிக்கட்டும் அக்கா?" என்றேன் சந்தோஷத்தில்.

"பாட்டு வேணாம் லா தம்பி. கொஞ்ச நேரம் இப்படியே விடுங்க."

ஸ்பீக்கரில் காதை வைத்துக் கண்களை மூடினார். சற்றுக் கழித்து மெல்லச் சிரித்தார். ஒன்றுமே ஒலிக்காத அந்தப் பெட்டிக்குள் அவருக்கு என்ன கேட்டதோ, இன்றும் எனக்குப் புரியவில்லை.