ஏழாங்கட்டைத் தோட்டத்தில் தட்டு எறிந்த நாள்

காலை ஐந்தரை மணிக்கு ஜெலாப்பாங் சந்தியில் கம்பெனி வேன் வந்து என்னை ஏற்றிக்கொள்ளும் என்று சொல்லியிருந்தார்கள். ஆறு பத்து வரை நின்றேன். வேன் வரவில்லை. ஆபீஸ்காரர்கள் போட்டியை வேடிக்கை பார்க்கக் குடும்பத்தோடு கிளம்பியதில் வேன் நிறைந்துவிட்டது என்று பிற்பாடு தெரிந்தது. ஆடப்போகிறவளுக்கு இடமில்லை, கைதட்டப் போகிறவர்களுக்கு இடமிருந்தது. என் கோபம் அந்தச் சந்தியிலேயே தொடங்கிவிட்டது. இந்தக் கட்டுரை முழுக்க அது இருக்கும். பொறுத்துக்கொள்கிறவர்கள் மேலே படிக்கலாம்.

இது எண்பதுகளின் தொடக்கம். தட்டு கோல்ப் என்று ஒரு விளையாட்டு இருப்பதே ஈப்போவில் பலருக்குத் தெரியாது. கோல்ப் மாதிரிதான், ஆனால் பந்தும் மட்டையும் கிடையாது. பிளாஸ்டிக் தட்டைக் கையால் சுழற்றி எறிந்து, தூரத்தில் சிவப்புத் துணி கட்டிய மரத்தில் பட வைக்க வேண்டும். மொத்தம் பதினெட்டு மரம். குறைந்த எறியில் முடிப்பவர் ஜெயித்தவர். எங்கள் தொழிற்சாலைக்கு வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் ஒரு பெட்டி நிறையத் தட்டு கொண்டுவந்து, வேலை முடிந்த பிறகு திடலில் எங்களைப் பழக்கினார். நாற்பது பேராகத் தொடங்கினோம், ஏழு மாதத்தில் நான்கு பேர் மிஞ்சினோம். அதில் பெண் நான் ஒருத்திதான்.

அன்றைக்குக் கோலா கங்சார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஒரு கிளப் போட்டி வைத்திருந்தது. அதில் பெண்கள் பிரிவில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் சிங்கப்பூரில் நடக்கும் போட்டிக்குப் போகலாம். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அதுவரை பேராக் மாநிலத்தைத் தாண்டியதில்லை. என் பெயரை ஒலிபெருக்கியில் யாரும் கூப்பிட்டதும் இல்லை. அந்த இரண்டில் ஓர் இடம் எனக்கு வேண்டும் என்று பைத்தியம் பிடித்தவள் போல இருந்தேன்.

ஆறு நாற்பதுக்கு ஈப்போ பஸ் நிலையம். ஏழு மணிக்குக் கோலா கங்சார் பஸ், டிக்கெட் இரண்டு வெள்ளி. ஐம்பது கிலோமீட்டர் தூரம். செம்மோரிலும் சுங்கை சிப்புட்டிலும் நிறுத்தி நிறுத்திக் கூட்டம் ஏற்றினார்கள். மடியில் இருந்த மூன்று தட்டுகளையும் ஒரு மலாய்க்கார அம்மா தொட்டுப் பார்த்து, கேக் வைக்க நல்லா இருக்கும் என்றார். மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

எட்டே கால் மணிக்குக் கோலா கங்சாரில் இறங்கி டாக்சி தேடினேன். ஏழாங்கட்டைத் தோட்டம் என்றதும் ஓட்டுநர் அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அங்க யாரு இருக்கா? பாதி தோட்டத்த வித்தாச்சு. வீடு கட்டப் போறாங்களாம்லா."

"மேட்ச் இருக்குண்ணே. தட்டு எறியிறது."

"என்னா தட்டு? சோறு சாப்புடுற தட்டா?"

"பிளாஸ்டிக் தட்டு. மரத்துல அடிக்கணும்."

"அதுக்கா ஈப்போவுலேருந்து வாரே? வீட்டுல சண்ட போட்டா இத விட நல்லா எறியலாம்."

நான்கு வெள்ளி கேட்டார். மூன்றுக்கு இறங்கி வந்தார். கோபத்தில் இருக்கிறவளிடம் பேரம் செல்லாது என்பது அவருக்குப் புரிந்திருக்கும்.

தோட்டத்துக்குள் கார் திரும்பியதும் ஜன்னல் வழியாக மரங்களைப் பார்த்தேன். பதினேழு வயது வரை தெலுக் இந்தான் பக்கத்தில் அம்மாவோடு பால்மரம் வெட்டியவள் நான்; ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் இறக்குவதை வெட்டு என்போம். எங்கள் தோட்டத்தில் மரத்தைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்ட பிறகுதான் ஜெலாப்பாங்குக்கு வந்தோம். வெட்டிய மரத்தை நான் பார்த்தாலே தெரிந்துகொள்வேன். இங்கே மரமெல்லாம் அன்று விடியற்காலையில் வெட்டியிருந்தது. பட்டையில் புதுக்கோடு. அதன் கீழே கம்பி வளையத்தில் உட்கார்ந்திருந்த மண் கோப்பைகளில், நாங்கள் மங்கு என்று சொல்வோம், பால் சொட்டிக்கொண்டிருந்தது.

பெயர் பதியும் மேஜையில் இருந்த கிளப்காரரிடம் கேட்டேன். "இன்றைக்கு இங்கே வெட்டு இல்லை. குத்தகைக்காரரிடம் சொல்லியாகிவிட்டது," என்றார். மரத்தைக் காட்டினேன். அவர் மரத்தைப் பார்க்கவில்லை, கையில் இருந்த பட்டியலைப் பார்த்தார். "உங்களுக்கு ஒன்பது மணி, மூன்றாவது குழு," என்றார். நடுப்பகலுக்குள் சாப்பாடு போட வேண்டிய அவசரம் அவருக்கு.

என் குழுவில் என்னோடு ஈப்போவில் வங்கியில் வேலை பார்க்கும் மிஸ் வோங்கும், கூடவே நடந்து எண்ணிக்கை எழுத ஒரு நடுவரும். முதல் மூன்று மரத்தை நான் நன்றாகவே முடித்தேன். மரவரிசையை எங்கள் பேச்சில் நிரை என்போம். நிரைக்கு நடுவே நேர் சந்து, காற்று அடிக்காது. அந்தச் சந்தில் எத்தனை வருஷம் நடந்திருக்கிறேன்! கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாலும் தட்டு நேராகப் போனது.

நான்காவது மரத்துக்கு மிஸ் வோங் எறிந்த தட்டு தாழப் பறந்து, வழியில் இருந்த ஒரு மங்கு மேல் மோதியது. மங்கு வளையத்தை விட்டுக் கழன்று கீழே விழுந்தது. பால் இலைச் சருகில் கொட்டியது. அவர் "ஐயோ, மன்னிக்கணும்," என்று நின்றார். நான் யோசிக்கவே இல்லை. குனிந்து எடுத்து, உள்ளே ஒட்டிய மண்ணைக் கட்டைவிரலால் வழித்து, மறுபடி வளையத்தில் உட்கார வைத்தேன். அடுத்த சொட்டு சரியாக நடுவில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் நான் என்ன செய்தேன் என்பதே எனக்குத் தெரிந்தது.

நடுவர் பென்சிலை எடுத்தார். "ஆடுகளத்தில் இருக்கும் எதையும் ஆடுகிறவர் தொட்டு மாற்றக்கூடாது. உங்களுக்கு இரண்டு எறி கூடுதல்."

"தட்டிவிட்டவங்களுக்கு?"

"அது விபத்து. அதற்கு ஒன்றும் இல்லை."

கவிழ்த்தவருக்கு ஒன்றுமில்லை, நிமிர்த்தியவளுக்குத் தண்டனை. சட்டத்தை எழுதியவர் எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினாரோ, அவர் வீட்டில் ஒரு மங்கு கூடக் கவிழ்ந்திருக்காது. மிஸ் வோங் எனக்காகப் பேசிப் பார்த்தார். நடுவர் எழுதியதை அழிக்கவில்லை. எனக்குக் காது வரைக்கும் சூடு ஏறியது.

சத்தம் கேட்டு நிரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். நாற்பது வயது இருக்கும். தலையில் துணிக்கட்டு, இடுப்பில், பட்டையில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலைப் போடும் பை. அவர் பெயர் ராஜம்மா என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"யாரு நீங்கள்லாம்? என் நிரையில என்னா பண்றீங்க?"

"இன்னைக்கு வெட்டு இல்லன்னு சொன்னாங்கக்கா."

"யாரு சொன்னா? நாலு நாளா மழை. இன்னைக்குத்தான் காஞ்சுச்சு. குத்தகக்காரரு ஒண்ணும் சொல்லலயே." மங்கு இருந்த மரத்தைப் பார்த்தார், என் விரலில் ஒட்டிய பாலைப் பார்த்தார். "எந்தத் தோட்டம் நீ?"

சொன்னேன். அவர் தலையாட்டினார். "பாத்து எறியச் சொல்லு தங்கச்சி. பதினோரு மணிக்குத்தான் பால் எடுப்பேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். நான் யாருக்குச் சொல்வது? யார் கேட்பார்கள்?

அடுத்த பதினோரு மரத்தையும் கோபத்தில் ஆடினேன். கோபம் என் கைக்கு நல்லதாகவே இருந்தது. கூடுதலான இரண்டையும் ஈடுகட்டி, பதினைந்தாவது மரம் முடிந்தபோது இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டேன். மற்றக் குழுக்களின் கணக்கைக் கேட்டு வந்த நடுவர் சொன்னபடி, மூன்றாவதாக இருந்தவர் என்னை விட ஒரே ஒரு எறிதான் கூட.

பதினாறாவது மரம். மணி பத்தே முக்கால். மங்குகள் விளிம்பு வரை நிறைந்திருந்தன. நான் எறிந்த தட்டு கடைசியில் இடது பக்கம் சாய்ந்து, துணி கட்டிய மரத்துக்கு முந்தின மரத்தில் இருந்த மங்கு மேல் அடித்தது. இது என் தட்டு. நான் கவிழ்த்தது. பால் முழுசாகக் கீழே கொட்டியது. மங்கு என் காலடியில் குப்புறக் கிடந்தது. பட்டையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்த பால் வெறும் கம்பி வழியாக மண்ணில் விழுந்தது.

நடுவர் என் கையைப் பார்த்தார். பென்சில் தயாராக இருந்தது. நிரையின் கோடியில் ராஜம்மாக்கா இரண்டு வாளியோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் என் தட்டை எடுத்தேன். அடுத்த எறியில் மரத்தில் அடித்தேன். திரும்பிப் பார்க்காமல் பதினேழாவதுக்கு நடந்தேன்.

ஒரு எறி வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தேன். பன்னிரண்டு மணிக்கு ஒலிபெருக்கியில் என் பெயரைத் தப்பாக உச்சரித்துக் கூப்பிட்டார்கள். ஆபீஸ்காரர்கள் கைதட்டினார்கள். பரிசுக் கோப்பையை வாங்கிக்கொண்டு நேராகப் பால் நிறுக்கும் கொட்டகைக்குப் போனேன். ராஜம்மாக்கா வாளி கழுவிக்கொண்டிருந்தார்.

"மொத மங்க நீதானே நிமித்தி வச்ச? ரெண்டாவத ஏன் விட்டுட்டுப் போன?"

"தொட்டா ரெண்டு எறி கூடப் போடுவாங்கக்கா."

"எறின்னா?"

விளக்கினேன். நாற்பது வயதுப் பெண்ணிடம், வேலை முடிந்து கை மரத்துப் போயிருக்கிறவரிடம், தட்டு, மரம், எண்ணிக்கை, சிங்கப்பூர் என்று நின்று விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. அவர் முழுசாகக் கேட்டார்.

"சரி, ஜெயிச்சியா?"

"ரெண்டாவது."

"பெறகென்னா. போ. ரெண்டு மணி பஸ்ஸ விட்டா நாலு மணிக்குத்தான்."

அவர் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி இருவரும் சமமாகியிருப்போம். அவர் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தோட்டத்து ஆட்களின் வீடுகள் இருக்கும் லயத்துப் பக்கம் நடந்தார்.

சிங்கப்பூருக்குப் போனேன். வெட்டி விட்ட புல் திடல், இரும்புக் கம்பங்கள், தொடக்கூடாதது என்று ஒன்றுமே இல்லை. பன்னிரண்டு பேரில் எட்டாவதாக வந்தேன். ஜெலாப்பாங்குக்குத் திரும்பிய பிறகு ஏழாங்கட்டைக் கதையைத் தொழிற்சாலையிலும், கோயில் வாசலிலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தக் கிளப்பையும் நடுவரையும் கிழி கிழியென்று கிழிப்பேன். கேட்கிறவர்களும் என்னோடு சேர்ந்து கொதிப்பார்கள். எல்லாரிடமும் நான்காவது மரம் வரைதான் சொல்வேன். பதினாறாவது மரத்தை இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.