படுக்கப் போட்ட அலமாரி

திண்டிவனத்தில் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கும் ரோஜாவிடம் தன் ஆமையை விட்டுவிட்டு, தம்பி பிரான்சிஸ் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனான். உள்ளங்கை அகல ஆப்பிரிக்கத் தரை ஆமை, பெயர் பட்டாணி. வளர்ப்பதற்கான பதிவுச் சான்றையும் கொடுத்திருந்தான். ரோஜா ஒரு மீன்தொட்டி வாங்கிக் கூழாங்கல் பரப்பி, ஆமையை அதில் விட்டாள்.

ஐப்பசி மழை பிடித்த மூன்றாம் நாள் அது தின்பதை நிறுத்தியது. பகலெல்லாம் கண்ணாடியில் முட்டிப் பிறாண்டியது. பிறகு அதையும் விட்டு மூலையில் கிடந்தது. மூக்கில் சிறு நீர்க்குமிழி.

ஞாயிறன்று பிரான்சிஸ் வீடியோவில் கேட்டான்: "பட்டாணி எங்கக்கா?"

"தூங்குதுடா."

சொல்லிவிட்டாளே தவிர, அதன்பிறகு ஊசியில் நூல் கோக்கக்கூட வரவில்லை.

மறுநாள் ஆமையை அட்டைப்பெட்டியில் வைத்து விழுப்புரம் பஸ் ஏறினாள். வழிநெடுக மூடியைத் திறந்து மூச்சு இருக்கிறதா என்று பார்த்தாள். கால்நடை மருத்துவர் கலைப்பிரியா ஊசி போட்டார்.

"சளி புடிச்சிருக்குதும்மா. எதுல வெச்சிக்கினு இருக்கீங்க?"

"மீன்தொட்டியிலங்க. எந்நேரமும் முட்டிக்கினே இருந்துச்சி டாக்டர்."

"கண்ணாடின்னு அதுக்குத் தெரியாது. வழி இருக்குதுன்னு நெனச்சி நடந்துகினே இருக்கும். ஆழம் வேணாம், அகலம் வேணும். சுத்தி மறைப்பா இருக்கணும். ஒரு ஓரம் சூடு, இன்னொரு ஓரம் நிழல். எங்க இருக்கறதுன்னு அதுவே பாத்துக்கும்."

வீட்டில் அகலமானது துணி வைக்கும் மர அலமாரி ஒன்றுதான். தைக்க வந்த துணிகளைக் கட்டிலில் குவித்தாள். மாடிவீட்டு மாசிலாமணி வந்து கதவுகளைக் கழற்றி, தட்டுகளை எடுத்து, அலமாரியை மல்லாக்கப் படுக்கப் போட்டுக் கொடுத்தார். உள்ளே மண்ணும் தேங்காய்நார்த் தூளும் கொட்டினாள். ஒரு கோடியில் டாக்டர் எழுதித் தந்த இரண்டு பல்புகள். மறுகோடியில் நிழலுக்குக் கவிழ்த்த பாதிச் சட்டி.

சாயங்காலம் கரண்ட் போனது. ரோஜா பதறிப்போய் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துண்டு சுற்றி உள்ளே வைத்தாள். ஆறியபோதெல்லாம் மாற்றினாள். ஒன்பது மணிக்கு விளக்கு வந்த பிறகுதான் அவள் வாயில் சோறு போனது.

ஐந்தாம் நாள் காலை பல்புக்கடியில் ஆமையைக் காணோம். சட்டிக்குள்ளும் இல்லை. மண்ணை விரலால் துழாவினாள். தூளுக்குள் பாதி புதைந்திருந்த ஓடு அசைந்தது. தலை நீண்டது. மெல்ல நகர்ந்து வந்து, செம்பருத்தி இலை ஒன்றின் ஓரத்தைக் கடித்தது.

ஞாயிறு வரை அவளால் பொறுக்க முடியவில்லை. போனில் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"ஏங்கா அன்னைக்கே சொல்லல?"

"சொன்னா நீ அங்க சாப்ட்ருப்பியாடா?"

"இப்ப காட்டுக்கா" என்றான்.

ரோஜா போனை அலமாரிப் பக்கம் திருப்பினாள். ஒரு மூக்குத் துளையில் இன்னும் ஈரம் இருந்தது. திங்கட்கிழமை மறுபடி விழுப்புரம் போக வேண்டும்.