வட்டத்துக்குள் ஒரு வீடு

எழுபதுகளின் நடுவில், புதூர்நாட்டுப் பக்கம் ஒரு மலைக்கிராமத்தில் நர்ஸாக இருந்தேன். வயது இருபத்து மூன்று. ஊரில் முப்பது வீடுகள், கோடியில் என் ஓட்டு அறை. ஜுரம், பிரசவம் என்றால் ஓடி வருவார்கள். மாத்திரை கைக்கு வந்ததும் போய்விடுவார்கள். சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்க ஆளில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை. எனக்கு வீம்பு கொஞ்சம், பயம் நிறைய. கூப்பிட்டு வராமல் போய்விட்டால் அப்புறம் அந்த ஊரில் எந்த முகத்தோடு நடமாடுவது?

அந்த வருடம் பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை. தனியாகப் பொங்கித் தனியாகத் தின்பதை நினைத்தாலே கசந்தது. ஒரே ஒரு வீட்டார் வந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டால் போதும் என்றிருந்தது. வாய்விட்டுக் கேட்கத் துணிவில்லாமல், வீட்டுக்கொரு வாழ்த்து அட்டை செய்து கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். பெரியவர்கள் யாருக்கும் படிக்கத் தெரியாது. ஆகவே எழுத்து வேண்டாம், படமே பேசட்டும். முப்பது முறை ஒரே படத்தை வரைய எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் அச்சு வெட்டினேன்.

பிய்ந்துபோன ஹவாய் செருப்பின் குதிகால்தான் ரப்பர். மெல்லிய தாளில் பென்சிலால் அழுத்தி வரைந்து, அதைக் கவிழ்த்துப் போட்டு நகத்தால் தேய்த்தால் படம் ரப்பரில் இறங்கிவிடும். இடம் வலமாக இறங்கியது அச்சடிக்கும்போது நேராகிவிடும். பிளேடைச் செங்குத்தாக இறக்கக்கூடாது. கோட்டுக்கு வெளிப்புறமாகச் சாய்த்து அறுக்க வேண்டும். இல்லாவிட்டால் கோட்டுக்கு அடியில் பலமில்லாமல், அழுத்தும்போது மடங்கிக்கொள்ளும். இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. இடது செருப்பு முழுக்க நாசமாகி, வலது செருப்பில்தான் வித்தை பிடிபட்டது.

ஒரு வீடு. கதவு விரியத் திறந்திருக்கும், வாருங்கள் என்று அர்த்தம். வாசலில் பொங்கும் பானை. ஆனால் சதுரமாக வெட்டிய ரப்பரின் நாலு மூலையும் மையைக் கவ்விக்கொண்டு அட்டையில் கறை வைத்தன. வட்டமாகச் செதுக்கி, சுற்றிலும் ஒரு வளையம் விட்டேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

மைக்கு முதலில் புண்ணுக்குப் போடும் சிவப்பு மருந்தைத்தான் தொட்டுப் பார்த்தேன். காகிதத்தில் பரவி, கொலை நடந்த இடம்போல் ஆகிவிட்டது. பதிவேட்டுக்கு முத்திரை வைக்கும் ஊதா மைப்பெட்டி காய்ந்து கிடந்தது. நாலு சொட்டு கிளிசரின் விட்டதும் அதற்கு உயிர் வந்தது. அச்சை மையில் தேய்க்காமல் தட்டித் தட்டி எடுத்தேன். மருந்து வந்த பெட்டிகளின் வெள்ளைப் பக்கம்தான் அட்டை. அடியில் மடித்த துணி, மேலே ஆடாமல் ஒரே அழுத்து, பிறகு நேராகத் தூக்கு. முப்பதும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வந்தன.

பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால் வீடு வீடாகப் போய்க் கொடுத்தேன். “வெச்சிக்கோங்க” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. மரியாதை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

பொங்கலன்று பத்து இலை தைத்து வைத்துக் காத்திருந்தேன். காலடி கேட்டது. புடவையைச் சரி செய்துகொண்டு எழுந்தேன். ஆடு. பொழுது சாயும்வரை ஒருவரும் வரவில்லை. எனக்கு அழுகை வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் காலை, கோபம் தாளாமல் முதல் வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுக்காரிக்கு என்னைவிடப் பத்து வயது கூட. அவளுடைய கடைசிக் குழந்தை என் கையில் பிறந்தது. பாயும் பானையும் மூட்டையாகக் கட்டி வாசலில் இருந்தன. அடுப்பில் சாம்பல்கூடப் புதிதாக இல்லை.

“இன்னாக்கா, எங்க கெளம்பறீங்க?”

“நீதான காயிதம் குடுத்த? ஆம்பளைங்க எல்லாம் ஆபீசுல கெஞ்சிப் பாக்கலாம்னு திருப்பத்தூருக்கு எறங்கிட்டாங்கோ.” டிரங்குப் பெட்டியிலிருந்து என் அட்டையை எடுத்து நீட்டினாள். “வட்டமா சீலு, ஊதா மை. போன வருசம் மேல ரெண்டு வூட்டக் காலி பண்ணச் சொல்லி பாரஸ்டுக்காரங்க குடுத்ததும் இப்டித்தான் இருந்துச்சி. வூடு போட்டு, கதவத் தொறந்து, பானைய வெளிய வச்சிருக்குது. தூக்கிக்கினு போன்னுதான?”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அந்த ஊரில் முப்பது வீட்டிலும் பொங்கல் பொங்கவில்லை. ஒருத்தியின் தனிமை முப்பது அடுப்பை அணைத்துவிட்டது. தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொன்னேன்.

அவள் திட்டுவாள் என்று நின்றேன். மூட்டையைத் தள்ளிவிட்டு வாசலில் உட்கார்ந்தாள்.

“சோறு துன்னக் கூப்டவா இத்தினியும்? இதே வாசல்லதான நின்ன. வான்னு வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா வரமாட்டமா?”

அட்டையை மூட்டைமேல் போட்டாள்.

“செரி, இப்பக் கூப்புடு.”

ஒரே எழுத்துதான். கண்ணீர்தான் வந்தது, சொல் வரவில்லை. அவள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, “மூட்டைய அவுருங்க” என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லியபடி, எனக்கு முன்னால் என் அறைக்கு நடந்தாள். நேற்றைய பொங்கல் லேசாகப் புளித்திருந்தது. இலை போட்டு, எதிரெதிரே உட்கார்ந்து, பாத்திரம் வழித்துத் தின்றோம். போகும்போது, “வர்ற வருசமாவது கூப்புடு நர்சம்மா” என்றாள்.

அந்த ஆடியில் எனக்கு மாற்றல் வந்துவிட்டது. இன்றைக்கும் தை பிறந்தால் அச்சு வெட்டி, அட்டை அடித்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் தபாலில் போடுகிறேன். வட்டமாக மட்டும் வெட்டுவதில்லை. வா என்று வாயால் இன்னும் யாரையும் கூப்பிட்டதில்லை.