மைக்கை எறிந்த எவலின்

கிள்ளான் வட்டாரத்தில் கல்யாண விருந்துகளை மேடையில் நின்று நடத்தித்தரும் அறிவிப்பாளர் எவலின், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்தவர். ரயில் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல். உண்மையில் அவருக்கு மைக்கே தேவையில்லை. ஆனால் கையில் மைக் இல்லாத ஒருவரை யாரும் அறிவிப்பாளர் என்று ஒப்புக்கொள்வதில்லை.

சென்ற ஆண்டு கிள்ளான் மண்டபம் ஒன்றில் மணமக்களை அழைக்க மைக்கை எடுத்தார். ஸ்பீக்கர் ‘கீ’ என்று கத்தியது. உடனே கையில் மின்சாரம் அடித்தது. தரை ஈரம் என்று மண்டபத்தார் சொன்னார்கள். எவலினோடு போயிருந்த நான் தொட்டுப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. ஈரமாக இருந்தது எவலினின் கை. அதுவரை ஐஸ் தண்ணீர்க் குவளையைப் பிடித்திருந்தார். காயம் ஒன்றுமில்லை. ஆனால் அன்றிலிருந்து ஸ்பீக்கர் கீச்சிட்டால் மைக் கையைவிட்டுப் போய்விடும். நழுவுகிறது என்பார் அவர். நழுவும் பொருள் மூன்றாவது மேசைவரை போகாது.

சுங்கை வே அடுக்குமாடியில் எவலினும் நானும் பக்கத்துப் பக்கத்து வீடு. அதே மாடியில் குடியிருக்கும் விஷ்ணுப்ரியா, பல்கலைக்கழகத்தில் பயத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

“ஆன்டி, எங்க லேப்ல எலிக்கு இதையேதான் செய்றோம்! ஒரு சத்தம், உடனே சின்ன ஷாக். அப்புறம் சத்தம் கேட்டாலே எலி உறைஞ்சு போயிரும்.”

“என்னைய எலிங்கிறியா?”

“சேச்சே. எலி எதையும் தூக்கி எறியாது ஆன்டி.”

அவள் விளக்கியது இது. மூளைக்குள் அமிக்டலா என்று பாதாம் பருப்பளவில் ஒரு பகுதி இருக்கிறது. அதிலுள்ள செல்களின் மேல் நுண்ணிய கதவுகள். ஒவ்வொன்றையும் மக்னீசியம் அடைத்துக்கொண்டிருக்கும். கீச்சல் மட்டும் வந்தால் அடைப்பு அசையாது. கீச்சலும் மின் அதிர்ச்சியும் சேர்ந்து வந்தால் விலகும். கால்சியம் உள்ளே பாயும். அது சில மரபணுக்களை எழுப்பிவிட, சில மணி நேரத்தில் புதுப் புரதங்கள் உருவாகி அந்த இணைப்பைக் கெட்டியாக்கிவிடும். பிறகு கீச்சல் ஒன்றே போதும்.

“அந்தப் புரதத்த நிறுத்த மாத்திரை இல்லையா?”

“எலிக்கு மூளையில ஊசி போடுவோம்.”

“வேணாம்லா.”

ஆனால் எவலினுக்கு அவசரம் இருந்தது. அவர் வளர்த்த தம்பி மகன் மார்வினுக்கு அதே மண்டபத்தில் கல்யாணம். அத்தை பேச முடியாவிட்டால் இன்னொரு அறிவிப்பாளர் விஜயன் பேசுவதாக ஏற்பாடு. விஜயன் எல்லாக் கல்யாணத்திலும் ஒரே நகைச்சுவையைச் சொல்பவர். மாப்பிள்ளை பெயரை மட்டும் மாற்றுவார், சில சமயம் அதையும் மறந்துவிடுவார். “என் பிள்ளைய அந்த ஆள் மேடைக்குக் கூப்பிடுறதா?” என்றார் எவலின்.

ஊசியில்லாத வழி ஒன்றும் இருந்தது. அதிர்ச்சி இல்லாமல் கீச்சலை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். ஒலிபெருக்கி வைக்கும் கன்னையா தன் ஸ்பீக்கரை எவலின் வீட்டுக்கே தூக்கி வந்தார்.

“அக்கா, மைக்க ஒரு கயித்துல கட்டி கைல மாட்டிக்கிறீங்களா?”

“நான் என்ன ஆட்டுக்குட்டியா மேய்க்கிறேன்? சும்மா போடுயா.”

முதலில் மைக் சோபாவில் விழுந்தது, பிறகு காலடியில், பிறகு கையிலேயே தங்கியது. மாடியில் இருந்தவர்கள் சத்தம் தாங்காமல் என்னிடம் புகார் செய்தார்கள். கால்சியம் வேலை செய்கிறது என்று சொல்லி அனுப்பினேன். கடைசியில் ஒரு கையில் மைக் கத்த, மறு கையால் எவலின் பருப்புக் கிண்டினார்.

அந்தத் தைரியத்தோடு அதே கிள்ளான் மண்டபத்தில் ஒரு பிறந்தநாள் விருந்துக்கு ஒப்புக்கொண்டார். ஸ்பீக்கர் கீச்சிட்டது. மைக் ஆட்டுக்கறிப் பாத்திரத்தில் விழுந்தது.

“எடுத்துட்டேன்கா. மசாலா வாசம்தான் போகல,” என்றார் கன்னையா.

விஷ்ணுப்ரியா தலையில் கைவைத்துக்கொண்டாள். “நான்தான் சொல்லியிருக்கணும். பழைய பயம் அழியல ஆன்டி. அத அடக்குற புது ஞாபகம் ஒண்ணு பக்கத்துல வளந்திருக்கு. அதுக்கும் அதே கதவு, அதே கால்சியம்தான். ஆனா அது வளந்த இடத்துலதான் நல்லா வேலை செய்யும். எலியும் கூண்ட மாத்தினா பழையபடி பயப்படும்.”

“அப்ப என் தைரியம் சுங்கை வேயிலயே தங்கிருச்சு?”

“ஆமா. கிள்ளானுக்கு வேற வளக்கணும்.”

விருந்து இல்லாத காலைகளில் அந்த மண்டபத்திலேயே பயிற்சி நடந்தது. காலி நாற்காலிகளைப் பார்த்து எவலின் பேசுவார், கன்னையா கீச்சிட வைப்பார். மைக் பல முறை விழுந்தது, பிறகு விழவில்லை.

கல்யாணத்தன்று மண்டபம் நிரம்பியிருந்தது. எவலின் வாயைத் திறக்கும் முன்பே ஸ்பீக்கர் கத்தியது. நான் மேடை ஓரத்தில் இருந்தேன். எவலினின் கை தோள்வரை எழுந்தது. அங்கேயே நின்றது. பிறகு மெல்ல வாயருகே இறங்கியது.

“எல்லாருக்கும் வணக்கம்,” என்றார்.

பதில் வணக்கம் சொல்ல ஆளில்லை. முன்வரிசை மேசைகளில் இருந்த அத்தனை பேரும் மேசைக்கு அடியில் இருந்தார்கள். கீச்சல் வந்தால் பின்னாலேயே மைக் பறந்து வரும் என்பதை, எவலினின் பழைய விருந்துகளுக்கு வந்திருந்த அவர்களுடைய மூளையும் இதே மண்டபத்தில்தான் கற்றிருந்தது.

எவலின் மேடை விளிம்புக்கு வந்து மேசைக்கடியில் குனிந்து பார்த்தார்.

“எனக்குச் சரியாயிருச்சு. இனிமே உங்களுக்குத்தான் வைத்தியம். கன்னையா, இன்னொரு தடவை கத்த விடு.”

கன்னையா விட்டார். நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. மறுபடி விட்டார். சிரிப்பு கிளம்பியது, நாற்காலிகள் நிமிர்ந்தன. ஐந்தாவது கீச்சலுக்கு ஒருவர்கூடக் குனியவில்லை. அதன்பிறகே எவலின் வாசல் பக்கம் திரும்பி மணமக்களை உள்ளே அழைத்தார்.