கதவு சுடவில்லை

என் வீட்டுக்காரர் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறார். பதினாறு வருஷமாக எரிகிற கட்டடங்களுக்குள் போய் வருகிற மனிதர், வீட்டில் அடுப்பைப் பற்றவைக்க மட்டும் மாட்டார். “நான் பாத்ததெல்லாம் நீ பாத்திருந்தா நீயும் பத்த வைக்க மாட்டே” என்பார். அதற்கு மேல் பேசினால் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். தங்கமான மனிதர்தான், ஆனால் பிடித்த பிடியை விடாத கல்லுளிமங்கன்.

இத்தனை நாள் எனக்கு அது பெரிதாகப் படவில்லை. சட்டைத் தொழிற்சாலையில் எனக்குப் பிற்பகல் ஷிப்ட். மகள் பள்ளிவிட்டு வந்ததும் சோறு போட்டுவிட்டுக் கிளம்புவேன். போன மாதம் மேனேஜர் கூப்பிட்டு, காலை ஷிப்டுக்கு என்னைச் சூப்பர்வைசராகப் போடுவதாகச் சொன்னார். பன்னிரண்டு வருஷம் காலர் தைத்து முதுகு ஒடிந்த பிறகு வந்த வாய்ப்பு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லிக் கையெழுத்துப் போடவேண்டும். நான் போய்விட்டால், ஏழு வயதுப் பிள்ளைக்கு மதியம் சூடாகச் சோறு போட இவரைத் தவிர ஆளில்லை. இவருக்கு இரவு டியூட்டி, பகலில் வீட்டில்தான் இருப்பார்.

அதற்காகத்தான் மைக்ரோவேவ் வாங்கினோம். நெருப்பே இல்லாத பெட்டி என்றதும் இவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. திங்கட்கிழமை நான் பக்கத்தில் நிற்க, பழைய சோற்றையும் தோலுரிக்காத உருளைக்கிழங்கையும் தட்டில் வைத்து இரண்டு நிமிஷம் ஓடவிட்டார். மணி அடித்தது. திறப்பார் என்று பார்த்தால், புறங்கையைக் கதவில் வைத்துப் பார்க்கிறார். தீப்பிடித்த வீட்டில் மூடிய கதவைத் திறக்கும் முன் அப்படித்தான் தொட்டுப் பார்ப்பார்களாம். கதவு சுட்டால் உள்ளே நெருப்பு.

“சுடவே இல்ல. இன்னும் ரெண்டு நிமிஷம் ஓடட்டும்.”

“திறந்துதான் பாருங்களேன்.”

“கதவு பொய் சொல்லாது. எனக்குத் தெரியாதா?”

மூன்றாவது தடவை ஓடும்போது உள்ளே படாரென்று கிழங்கு வெடித்தது. இவர் ப்ளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, என்னையும் மகளையும் தெருவுக்கே தள்ளிக்கொண்டு போய்விட்டார். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்க்கிறாள், மானமே போயிற்று. திரும்பி வந்தால் பெட்டி பூராவும் கிழங்கு, சோறு சரளைக்கல்லாகக் கிடக்கிறது. “உங்கள நம்பி நான் எப்படிங்க வேலைக்குப் போறது?” என்று வாய்விட்டுக் கேட்டேவிட்டேன். அவர் துணியை நனைத்துப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார். கேட்டிருக்க வேண்டாம் என்று எனக்கே கஷ்டமாகப் போய்விட்டது.

மறுநாள் அவரை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னேன். அடுப்பு மாதிரி இந்தப் பெட்டி முதலில் தானே காய்ந்து சாப்பாட்டைச் சூடாக்குவதில்லை. சாப்பாட்டில் இருக்கிற ஈரம்தான் முதலில் சூடாகிறது, கதவுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. காய்ந்த சோற்றில் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும், கிழங்கின் தோலைக் குத்திவிட வேண்டும், இறுக்காமல் மூடி நிமிஷத்துக்கு ஒருமுறை கிளற வேண்டும்.

“அப்ப தண்ணிதான் சுடுதா?”

“ஆமாங்க.”

“வேலைக்குப் போனா தண்ணிய அடிச்சு அணைக்கிறேன். வீட்டுக்கு வந்தா அதே தண்ணிய வச்சுச் சூடு பண்ணணும். நல்லா இருக்குடி” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

வியாழக்கிழமை மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு, ஒருநாள் பார்ப்போம் என்று காலை ஷிப்டுக்குப் போனேன். உடம்புதான் அங்கே இருந்தது, மனசெல்லாம் வீட்டில். இரண்டரை மணிக்கு அரக்கப்பரக்க வந்தால், “அம்மா, நான் ரெண்டாந்தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்” என்கிறாள் மகள்.

“கை கழுவிட்டு உட்காரு” என்றார் இவர் என்னிடம். சோற்றைப் பெட்டியில் ஒரு நிமிஷம் வைத்தார், எடுத்துக் கிளறினார், ஒரு பருக்கையை வாயில் போட்டுப் பார்த்தார், மறுபடி வைத்தார். தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார்.

கல்யாணமாகிப் பத்து வருஷத்தில், வேலைவிட்டு வந்த எனக்கு இன்னொருவர் சூடாகச் சோறு கொண்டுவந்து வைத்தது அன்றைக்குத்தான். நடுவில் கொஞ்சம் ஜில்லென்றுதான் இருந்தது.

“எப்படி இருக்கு?”

“நாளைக்குக் கையெழுத்துப் போட்டுடுறேங்க” என்றேன்.