பாம்புக்காதுக்காரரின் வலது காது

கடையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலாளியிலிருந்து மாடிப்படி துடைக்கிற அம்மா வரை எல்லோருக்கும் அவர் ‘பாம்புக்காது’தான். கேலியாக ஆரம்பித்தது, நாளாவட்டத்தில் பட்டமாகிவிட்டது. மனிதருக்கும் அதில் உள்ளூர ஒரு பெருமை உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

வீட்டில் நல்ல ஆடியோ செட் வைத்துப் பாட்டுக் கேட்க ஆசைப்படுகிறவர்கள் ஆம்ப்ளிஃபையரையும் ஸ்பீக்கரையும் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். கேபிள் என்று வரும்போதுதான் திருதிருவென்று முழிப்பார்கள். ஒரு பக்கம் துணி காயப்போடுகிற கொடி மாதிரி ஒல்லியாக ஒன்று தொங்கும், இன்னொரு பக்கம் தோட்டத்து ரப்பர் குழாய் மாதிரி தடியாக ஒன்று. விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எதை வாங்குவது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? அதற்குத்தான் இவர். முனையைப் பிளேடால் சுரண்டுவார். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய சரக்கு, ஓரமாகத் தள்ளிவிடுவார். ஸ்பீக்கர் எவ்வளவு தூரத்தில் என்று விசாரிப்பார். தூரம் கூடினால் தடிமனும் கூட வேண்டும். கரண்ட் ஒயரோடு ஒட்டிப் போகக் கூடாது, போனால் ஸ்பீக்கர் உறுமும் என்பார். உண்மையான வித்தை இவ்வளவுதான்.

மிச்சம் அவருடைய காது. இரண்டு கேபிளை மாற்றி மாற்றிப் போட்டு, கண்ணை மூடித் தலையைச் சாய்த்து, “இதுதான்” என்பார். வந்தவரும் உடனே, “ஆமா சார், நல்லாவே தெரியுது” என்று தலையாட்டுவார். நல்ல கேபிளுக்கும் மிக நல்ல கேபிளுக்கும் இடையில் தனக்கே பாதி நேரம் வித்தியாசம் தெரிவதில்லை என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. யாராவது கேட்டால்தானே சொல்ல.

ஆனால் ஒரு விஷயத்தில் அந்தக் காது பொய் சொன்னதே கிடையாது. ஸ்பீக்கருக்குப் போகிற கேபிளில் இரண்டு ஒயர், ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். ஒரே ஒரு ஸ்பீக்கரில் மட்டும் இரண்டையும் மாற்றிச் சொருகிவிட்டால் எதுவும் எரியாது, புகையாது, பாட்டும் வரும். ஆனால் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் ஆள் நின்று பாடுவதுபோல் கேட்க வேண்டிய குரல் கலைந்துபோய், எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் அறைக்குள் அலையும். மற்ற கடைக்காரர்கள் இதற்காகப் பிளஸ் ஒயரில் அடையாளமாக ஓடும் கோட்டைப் பார்ப்பார்கள், சின்ன பேட்டரியை வைத்துச் சரிபார்ப்பார்கள். இவர் எதையும் பார்ப்பதில்லை. சொருகுவார், கேட்பார், தப்பாக இருந்தால் மாற்றுவார். படியேறி வரும்போதே, “உள்ள எவன்டா பிளஸ் மைனஸ மாத்தினது?” என்று கேட்டபடி வந்து வாங்கிய பட்டம்தான் அந்தப் பாம்புக்காது.

ஒரு திங்கட்கிழமை காலை எழுந்தபோது அவருடைய வலது காது அடைத்திருந்தது.

முந்தின நாள் குளித்த தண்ணீர் போயிருக்கும் என்று ஒற்றைக்காலில் குதித்துப் பார்த்தார். தண்ணீர் வரவில்லை. இரண்டு விரலைக் காதோரம் தேய்த்தார். இடது பக்கம் சரசரத்தது. வலது பக்கம் விரல்தான் தேய்ந்தது. கைப்பேசியை அந்தக் காதில் வைத்தால் கல்லை வைத்த மாதிரி இருந்தது. ஆழத்தில் எங்கோ பழைய குழல்விளக்கு பற்றாமல் முனகுவதுபோல ஓர் இரைச்சல் மட்டும் விடாமல் வந்தது. மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று பயந்தார்.

செவ்வாய்க்கிழமை மருந்துக்கடைக்குப் போய், மச்சானுக்குக் காது அடைத்திருக்கிறது, சொட்டு மருந்து வேண்டும் என்றார். கடையிலிருந்த அம்மா கேள்வி மேல் கேள்வி கேட்டாள்.

“வலி இருக்கா?”

“இல்லைங்க.”

“சளி, காய்ச்சல்?”

“அதுவும் இல்ல. திடீர்னு காலைல கேக்கல.”

அவள் எடுத்த புட்டியைத் திரும்ப வைத்துவிட்டாள். “இதுக்கு சொட்டு மருந்து கூடாது. உங்க மச்சான இன்னிக்கே காது டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க. நரம்புல ஏதாவதுன்னா நாள் போகப் போகத் திரும்பி வராது. ஒரு வாரம் விட்டா அப்புறம் விட்டதுதான்.”

“சொல்றேங்க” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அன்றைக்கே போயிருக்கலாம். புத்தியுள்ளவன் போயிருப்பான். பயந்தவனுக்குப் புத்தி எங்கே வேலை செய்கிறது? டாக்டர் சோதிப்பார், எழுதிக் கொடுப்பார், கடைக்குத் தெரிந்துவிடும். பாம்புக்காதுக்குக் காது போச்சாம் என்று ஊரே சிரிக்கும். அவர் காதை நம்பித்தான் முதலாளி அவரை வைத்திருக்கிறார். அது இல்லாவிட்டால் அவர் வெறும் ஒயர் வெட்டுகிறவர். அதுவும் போக, வியாழக்கிழமை ஒரு பல் டாக்டர் வீட்டுக்குப் போய்ப் பெரிய செட்டுக்குக் கேபிள் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். முதலாளி ஒரு மாதமாக அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். வியாழன் முடியட்டும், பிறகு போகலாம் என்று தனக்குத்தானே தவணை சொல்லிக்கொண்டார்.

கடையில் எல்லோருக்கும் இடது பக்கத்தைக் காட்டியே நின்றார். ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிற ஆள் என்று முதலாளி அடிக்கடி திட்டுவார். இப்போது விடுவதற்கு வழியும் அடைபட்டுவிட்டது என்று நினைத்தபோது சிரிப்புகூட வந்தது. சிரிப்பு ரோடு வரைக்கும் தாங்கவில்லை. புதன்கிழமை ரோட்டைக் கடக்கும்போது ஹாரன் கேட்டு இடது பக்கம் திரும்பினார். பைக் வலது பக்கமிருந்து வந்து, தோளில் தொங்கிய பையை இழுத்துக்கொண்டு போனது. ஒற்றைக் காதுக்குத் திசை தெரியாது. எல்லாச் சத்தமும் இருக்கிற காதின் பக்கமிருந்தே வரும். ஓரமாக நின்று விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார், ரொம்ப நேரம் விடவில்லை.

வியாழக்கிழமை வந்தது. பல் டாக்டர் வீட்டுக் கூடம் நீளமானது. ஒரு ஸ்பீக்கர் ஜன்னலோரம், இன்னொன்று புத்தக அலமாரிக்குப் பக்கத்தில். டாக்டரும் அவருடைய அக்காவும் சோபாவில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அக்காவுக்கு வயது அறுபதுக்கு மேல். அவளுக்குத் தெரியாமல் அந்த வீட்டில் ஒரு பொருள் இடம் மாறாது என்பது பார்த்தாலே தெரிந்தது. இவர் தரையில் படுத்து, அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு, கேபிளைச் சொருகினார். கோட்டைப் பார்க்கவில்லை. பார்க்கிற பழக்கமில்லை.

பாட்டு வந்தது. அவருக்கு எல்லாம் இடது பக்கமே வந்தது, ஜன்னலோர ஸ்பீக்கர் மட்டும்தான் வேலை செய்கிற மாதிரி. கண்ணை மூடித் தலையைச் சாய்த்தார். ஆனால் முழுக்க மூடவில்லை. இமையிடுக்கு வழியாக டாக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் கேபிளுக்கு டாக்டர் சும்மா இருந்தார். இரண்டாவதற்குப் புருவம் ஏறியது.

“இதுதான்” என்றார் பாம்புக்காது.

“நானும் அதான் நெனச்சேன்” என்றார் டாக்டர், பூரித்துப்போய்.

அக்கா மட்டும் உதட்டைப் பிதுக்கினாள். “எனக்கு என்னமோ பாடறவ எங்க நிக்கறான்னே தெரியல தம்பி. என் தலைக்குப் பின்னாடி நின்னு பாடற மாதிரி இருக்கு.”

அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்னவென்று இந்த உலகத்தில் அவருக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும்? எழுந்து போய் மாற்றினால் அரை நிமிஷ வேலை. ஆனால் முதலிலேயே உங்களுக்கு ஏன் கேட்கவில்லை என்று அவள் கேட்டுவிட்டால்?

“புதுக் கேபிள் மேடம்” என்றார். “கொஞ்ச நாள் ஓடினா பழகிடும்.”

“அக்கா, அவர் பாம்புக்காது. அவரே சொல்லிட்டாரு, விடு” என்றார் டாக்டர்.

அக்கா மறுபடி காது கொடுத்துக் கேட்டாள். சற்று நேரம் கழித்து, “ஆமாம்ப்பா, இப்ப பரவால்ல மாதிரிதான் இருக்கு” என்றாள்.

லிஃப்டில் இறங்கும்போது பயம் பிடித்தது. மாட்டிக்கொண்டிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டார். சரியாகக் கேட்ட ஒரு காதை ஒரே வார்த்தையில் செவிடாக்கிவிட்டு வந்திருக்கிறார். இனி இப்படியே எத்தனை வருஷம் வேண்டுமானாலும் ஓட்டலாம், ஒருவருக்கும் தெரியாது. அதை நினைத்தபோதுதான் குலை நடுங்கியது.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜைக்கு இடது பக்கம் டிவி அலறிக்கொண்டிருக்க, மனைவி வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள். பள்ளிக்கூட ஆபீசில் வேலை. வந்ததும் அன்றன்றைய கதையைச் சொல்வது வழக்கம். அவள் எதிரே வந்து நின்று, “காதுல விழுதா இல்லையா?” என்று கேட்கும்வரை அவள் பேசியதே இவருக்குத் தெரியாது.

“எப்பப் பாரு தொணதொணன்னு! மனுஷன நிம்மதியா சாப்பிட விடமாட்டியா?” என்று கத்திவிட்டார்.

அவள் போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். இவர் தட்டையே பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், அவள் அழுதுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து அழுகிறாள் என்று தெரியவில்லை. பக்கத்து நாற்காலியில் பெண்டாட்டி அழுவது கேட்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை கடைக்குப் போகாமல் நேரே பல் டாக்டர் வீட்டுக்குப் போய் மணியை அடித்தார். கதவைத் திறந்த அக்காவிடம், “ஒண்ணு பார்க்கணும் மேடம்” என்று மட்டும் சொல்லி, அலமாரிக்குப் பின்னால் டார்ச் அடித்தார். கேபிளில் கோடு போட்ட ஒயர் கறுப்பு மைனஸ் துளையில் இருந்தது. மாற்றிச் சொருகினார். அக்காவே பாட்டைப் போட்டாள்.

“அட, வந்துட்டா பாருங்க. நடுவுல வந்து நிக்கறா.” இவர் முகத்தைப் பார்த்தாள். “அப்ப நேத்து நான் சொன்னது சரிதான். உங்களுக்கு நேத்தே கேட்டிருக்கணுமே தம்பி?”

“கேக்கல மேடம்.”

“கேக்கலயா, கேக்க மனசில்லயா?”

“வலது காது கேக்கவே இல்ல” என்றார். “திங்கக்கிழமையிலேர்ந்து. இப்பக்கூட எனக்கு அந்தம்மா நடுவுல இல்ல. இந்தப் பக்கம்தான் இருக்காங்க.” ஐம்பது வயது தாண்டிய மனிதர், டார்ச்சை அணைக்கக்கூடத் தோன்றாமல், தரையில் உட்கார்ந்தபடி முகத்தைப் பொத்திக்கொண்டார்.

கிளம்பத் தயாராக நின்ற டாக்டர் காதில் இது விழுந்தது. “பல்லுன்னா நானே பார்த்திருப்பேன். எழுந்திரிங்க” என்று கார் சாவியை எடுத்தார். “நாலு நாள் வச்சிருந்தீங்களா? என்ன மனுஷன்யா நீங்க.”

காரிலிருந்து மனைவிக்குப் போன் செய்தார், இடது காதில் வைத்து. “எனக்கு ஒரு காது கேக்கலம்மா.”

“எந்தக் காது?”

“வலது.”

“நேத்து நான் அந்தப் பக்கம்தானே உட்கார்ந்திருந்தேன்” என்றாள். “எந்த ஆஸ்பத்திரி? வர்றேன்.”

காது டாக்டர் சின்ன வயதுக்காரர். நரம்புதான் என்றார். இன்றைக்கே மாத்திரை ஆரம்பிக்கலாம், திரும்புமா திரும்பாதா என்று இப்போது சொல்ல முடியாது, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று முதலில் பார்ப்போம் என்றார்.

கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்தார்கள். தலையில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் டெஸ்ட் எடுக்கிற பெண் மைக்கில் சொன்னாள்: “சத்தம் கேட்டா மட்டும் அழுத்துங்க சார். எவ்வளவு சின்னதா இருந்தாலும் சரி.” முதலில் இடது காது. கொசுவின் சத்தத்தைவிட மெல்லிய சத்தத்தைக்கூட அவர் விடவில்லை. அவள் மெச்சிக்கொண்டாள். “இப்ப வலது. இடது காது இதைக் கேட்டுடாம இருக்க அதுல மழை மாதிரி ஒரு சத்தம் விடுவேன், அதைக் கண்டுக்காதீங்க.”

மழை பெய்தது. வலது பக்கம் ஒன்றுமில்லை. அவள் ஏதோ திருகினாள், ஒன்றுமில்லை. மறுபடி திருகினாள். ஒவ்வொரு தடவை சத்தம் அனுப்பும்போதும் அவள் தோள் ஒரு நூல் இறங்குவதை அவர் கண்டுபிடித்துவிட்டார். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்தே பிழைத்த கண்ணல்லவா? அடுத்த முறை தோள் இறங்கியது. அவர் அழுத்தினார். அவள் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டாள்.

இங்கேயும் வந்து யாருக்குக் காது குத்துகிறோம்?

“அம்மா, அது தப்பு” என்றார். “எனக்கு அது கேக்கல. உங்க தோளப் பார்த்து அழுத்திட்டேன்.”

“பரவால்ல சார், மறுபடி பார்க்கலாம்.”

அவர் நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். முன்னால் சத்தத்தை உறிஞ்சுகிற சாம்பல் நிறப் பஞ்சுத் தகடு மட்டும் இருந்தது. இடது காதில் மழை. வலது காதில் ஒன்றுமில்லை. வெகுநேரம் ஒன்றுமில்லை. இந்த வாரம் பட்ட பயமெல்லாம் ஒரு பயமே இல்லை என்று தோன்றியது. கட்டைவிரல் பொத்தான்மேலேயே இருந்தது. பிறகு மழைக்கு அப்பால், ரொம்பக் கீழே, ஏதோ இருந்த மாதிரி இருந்தது. இருந்ததா, இல்லை தன் ஆசையா? இத்தனை வருஷம் கடையில் அவர் இந்தக் கேள்வியை வாடிக்கையாளர் யாரிடமும் கேட்டதில்லை, தன்னிடமும் கேட்டதில்லை. இன்னொரு தடவை வரட்டும் என்று அழுத்தாமல் காத்திருந்தார்.