மாத்தளையில் ஒரு பவளத் தொட்டி

முழங்கை வரை உப்புநீருக்குள் இறங்கியிருந்த ஒரு கைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. விரல் வெடிப்புகளில் தேயிலைக் கறை கறுப்பாக நிலைத்துவிட்ட கை. மாத்தளையில் நான் உதவியாளராக இருந்த பல் வைத்தியரின் கிளினிக்கில் கூட்டித் துடைக்க வந்த அக்காவின் கை அது. ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருபது வருடம் கொழுந்து பறித்தவர். அதுவரை கடலைப் பார்த்ததே இல்லை.

நோயாளிகள் காத்திருக்கும் அறையில் டொக்டர் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்திருந்தார். பாறைத் துண்டுகளில் உயிருள்ள பவளம், இரண்டு மீன்கள், சில நத்தைகள். திருகோணமலையிலிருந்து மீன் ஏற்றிவரும் வேன்காரர் கடல்நீரைக் கேன்களில் கொண்டுவருவார். அந்தப் பக்கம் மறுபடி சண்டை தொடங்கியதும் அவர் வரவு நின்றது. தண்ணீர் மாற்றாத தொட்டியில் பச்சைப் பாசி தலைமயிர் போல வளர்ந்து பவளத்தை மூடியது. பவளம் சுருங்கிப்போனது.

டொக்டர் கொழும்பிலிருந்து பாசியைக் கொல்லும் நீல நிற மருந்தொன்று வாங்கிவந்தார். அவர் மூடியைத் திறந்தபோது அக்கா துடைப்பத்தோடு வந்து நின்றார்.

“ஊத்தாதீங்க ஐயா. தோட்டத்துல புல்லுக்கு அடிச்ச மருந்துல எங்க தேயிலையும் கருகிப்போச்சுங்க. இந்தப் பூவும் போயிரும். நான் கையால எடுத்துப் பாக்குறேன்.”

டொக்டர் போத்தலின் பொடி எழுத்தை வாசித்தார். செம்பு கலந்த மருந்து. பவளமும் நத்தையும் உள்ள தொட்டிக்கு ஆகாது. மூடிவைத்தார்.

அன்றிலிருந்து மதியம் நோயாளிகள் போனதும் அக்கா கையைக் கழுவித் தொட்டிக்குள் விடுவார். பவளத்தில் நகம் படாமல், இரண்டு விரல் நுனியால் பாசியை அடியோடு கிள்ளுவார். பிய்ந்து மிதப்பதை நான் சிறு குழாயால் உறிஞ்சியெடுத்து, நீரைத் துணியில் வடித்துத் திரும்ப ஊற்றுவேன். வெடிப்புகளில் உப்பு எரிந்திருக்கும், அவர் சொன்னதில்லை. அத்தனை வேகமும் அத்தனை மென்மையும் ஒரே விரல்களில் எப்படி இருந்தன என்று இன்றும் வியக்கிறேன்.

மூன்றாம் நாள், “தங்கச்சி, ஒரு நாளைக்கு எத்தன தடவ தீனி போடுறீங்க?” என்று கேட்டார். காத்திருக்கும் பிள்ளைகள் ரசிப்பார்களே என்று நான் ஐந்தாறு முறை போட்டுக்கொண்டிருந்தேன்.

“மீனு திங்காததெல்லாம் பாசிக்கு எருவாகுதுங்க.”

தீனி ஒரு வேளையானது. நாள் முழுதும் எரிந்த தொட்டி விளக்கையும் டொக்டர் பாதி நேரமாக்கினார்.

ஆறேழு வாரம் கழித்து ஒரு காலையில் பவளம் விரிந்திருந்தது. எண்ணமுடியாத சின்னஞ்சிறு விரல்கள் நீரில் அசைந்தன. அக்கா டொக்டரைக் கூப்பிட்டார்.

“பூத்திருச்சுங்க ஐயா!”

“அது பூ இல்ல. ஒவ்வொண்ணும் ஒரு பிராணி,” என்றார் டொக்டர்.

அக்கா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். “ஐயோ, நான் கிள்ளுனப்ப வலிச்சிருக்குமா?”

யுத்தம் முடிந்த பிறகு வேன்காரர் அக்காவையும் என்னையும் திருகோணமலைக்கு அழைத்துப்போனார். கடலைக் கண்டதும் அக்கா வெகுநேரம் அசையவில்லை. அலை வடிந்த இடத்தில், பவளம் படிந்த பாறையொன்றில் நான் தாவி ஏறினேன். அவர் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி மணலிலேயே நின்றார்.

“பாத்துக் கால வைங்க தங்கச்சி. உள்ள ஆளுங்க இருப்பாங்க.”

நான் இறங்கிவிட்டேன்.